மூன்றாவது கதவு

தலைக்கு ஆயிரத்து எண்ணூறு.
கூடாரம், ராச்சாப்பாடு, விறகு நெருப்பு,
காலையில் வெந்நீர் ஒரு வாளி.
ரசீதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்,
அடுத்த மாசச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நாகலூர் தாண்டி, காப்பித் தோட்டத்துச் சரிவில்
இருபத்தாறு கூடாரம். குளியலறை நாலு.
ஒன்றில் ஷவர் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை.
அடுத்ததில் தண்ணீர் உண்டு, பல்பு இல்லை,
உள்ளே போன தவளை வெளியே வந்ததாகத் தகவலும் இல்லை.
மூன்றாவதில் எல்லாம் சரி,
தாழ்ப்பாள்தான் கிடையாது.
நாலாவதில் உர மூட்டை.

ஐந்தரைக்கே வரிசை.
சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனி
எங்கள் போர்வைகள் மேல் சொட்டுகிறது.
தோளில் துண்டு, வாயில் பிரஷ்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
ஜவுளிக் கடையில் என் பில்லைச் சரிபார்க்கும்
சுகுணவதி மேடம்
நைட்டியில் நிற்கிறார் என்பதை
நானும் பார்க்கவில்லை.

எனக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.
குகையில் எங்கள் லைன் வீட்டில்
எட்டுக் குடித்தனம், குளிக்க இரண்டு இடம்,
மேட்டூர்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தரம்.
முகத்தில் சோப்போடு
கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் சந்தில்
வெளியே எத்தனை செருப்பென்று எண்ணத் தெரியும்.
நாலே நிமிஷம்.
தலைக்குக் குளித்தால் ஆறு.
அதற்கு மேல் போனால்
ருக்குமணியக்கா வாளியை உருட்டுவாள்.

இதே தகரக் கதவு, இதே ஈரத்துணி வாசம்,
இதற்கா இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
இரண்டு தரம் வாந்தி எடுத்து வந்தேன்
என்று சிரிப்பு வந்துவிட்டது.
மேடம் திரும்பினார். "என்ன?"
"ஒண்ணுமில்ல மேடம், குளிர்."

வெந்நீர் காய்ச்சுபவர் பேர் தீர்த்தன்.
நிஜப் பேர்தான், கேட்டேன்.
தார் டிரம்மில் தண்ணீர்,
கீழே கவாத்தில் வெட்டிய காப்பிக் கட்டை.
ஆளுக்கு ஒரு வாளி என்று சொல்ல அவருக்குக் கூச்சம்,
மரத்தைப் பார்த்துச் சொல்கிறார்.
மேலே சுனை மாசியிலேயே வற்றிவிட்டதாம்.
இது லாரித் தண்ணீர்.
இதே லாரி அவர் ஊருக்கு மத்தியானம் போகும்,
மிச்சம் இருந்தால்.
வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு
அதையெல்லாம் கேட்டிருக்கக் கூடாது.

எனக்கு முன்னால் ஒருத்தி, ஓசூரிலிருந்து வந்தவளாம்,
கணுக்காலில் பச்சை குத்திய மீன்.
மூன்றாவது கதவைத் தள்ளித் தடவிப் பார்த்தாள்.
ஆணி ஓட்டைதான் இருந்தது.
"கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"
பிடித்துக்கொண்டேன்.
தகரம் ஜில்லென்றது.
அந்தப் பக்கம் முதல் சொம்பு,
வெந்நீர்தான், இருந்தும் ஒரு சின்ன அலறல்,
பிறகு தைரியமாக இரண்டாவது.
"இருக்கீங்களா?"
"இருக்கேன்."
மூன்று தரம் கேட்டாள்.
மூன்று தரமும் இருந்தேன்.

அப்புறம் அவள் பிடித்தாள்.
உள்ளே போனதும் பழக்கத்தில் கீழே பார்த்தேன்.
சந்தில் ஒரே ஒரு ஜோடிக் கால்.
அந்த மீன், ஈரமாய்.
நாலு நிமிஷம் ஆயிற்று. ஐந்து.
எந்த வாளியும் உருளவில்லை.
அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல்
குதிகாலை இன்னொரு தரம் தேய்த்தேன்.
அரை வாளி மிச்சம் வைத்தேன்.
புண்ணியத்துக்காக இல்லை,
அவ்வளவு தண்ணீரில் எனக்குக் குளித்துப் பழக்கமில்லை.

அந்த அரை வாளியோடு கொஞ்சம் கொதிநீர் விளாவி
தீர்த்தன் சுகுணவதி மேடத்துக்குக் கொடுத்தார்.
கதவைப் பிடித்தது நான்.
உள்ளிருந்து ஒரு தரம்கூட
இருக்கியா என்று கேட்கவில்லை.
அலறல் இல்லை.
சொம்பு விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒரு சொட்டு வீணாகாத சத்தம்.

நாலே நிமிஷம்.

ஈரக் கொண்டையோடு வெளியே வந்தவர்
எட்டு மணிக்கு பஸ் என்றார்.
எந்த லைன் வீடு மேடம் என்று
நானும் கேட்கவில்லை.